நாலு மணித் தண்ணீர்

கெல்லர் துரை என்னிடம் முதன்முதலாகக் கேட்டது, இந்த ஆற்றில் மனிதர்களே இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்பதுதான். அது 1982, மாசி மாதம். நோர்வூட் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தேயிலை மலைக்கு வந்து மனிதர் இல்லாத இடம் கேட்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது? நான் தலையைச் சொறிந்தேன்.

அவர் பல வருடங்களாக ஏதோ ஒரு பாலைவனத்தில் ஆட்களைப் படகில் கூட்டிக்கொண்டு போகிற வேலை பார்த்தவர். பையிலிருந்து படங்களை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் செம்பாறை, நடுவில் காவி நிறத்தில் ஒரு ஆறு. ஐந்து நாள் துடுப்புப் போட்டாலும் ஒரு ஆளைப் பார்க்க முடியாதாம். ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு சேறு என்பதால் குடிக்கிற தண்ணீரைக் கேனில் கட்டிக்கொண்டு போவார்களாம். ஆற்றில் போகிறவன் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறான் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை தேவையாக இருந்தது.

நான் துரையின் பங்களாவில், சமையல் செய்யும் குசினியில் வேலை செய்து இங்கிலீஷ் பேசக் கற்றவன். அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களைத் தன் கையில் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை போனார், அவரோடு என் வேலையும் போனது. அதன்பிறகு ஏழு வருடமாகக் கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை. கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி கெல்லர் துரையை வரவழைத்து, கோடையில் வற்றிக் கிடக்கும் எங்கள் ஆற்றில் பாலைவனத்துப் பயணம் மாதிரியே ஒன்றை நடத்திப் பார்க்க நினைத்தது. மேலே அணையைக் கட்டிய பிறகு, கோடை வந்தால் எங்கள் ஆறு வெறும் பாறைதான். பாறைக்கு நடுவே நீளநீளமாகத் தேங்கிய மடுக்கள். இந்த முதல் பயணம் நல்லபடியாக முடிந்தால் வருடாவருடம் நீதான் வழிகாட்டி, வேலை நிரந்தரம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். அந்த வேலை மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்றால், மூன்று நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை.

கெல்லர் துரைக்கு இருந்த ஒரே பயம் அணை. மின்சாரம் எடுக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒடுக்கமான இடங்களில் ஆறு ஒரேயடியாக ஏறிவிடும். எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கம்பெனி கடிதம் போட்டுக் கேட்டது. பதில் வரவில்லை. நீ விசாரித்து வா என்று என்னை அனுப்பினார்கள்.

நான் போனது ஆத்துமலைத் தோட்டத்துக்கு. நான் பிறந்த தோட்டம். ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகிற பள்ளம் அதற்கு நேர் கீழே இருக்கிறது. இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குப் பாறை, ஏறி வர ஒழுங்கான வழி கிடையாது. அங்கே என் அக்கா ஜோசப்பின் கொழுந்து எடுக்கிறாள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அக்காவிடம் கேட்டேன். சனி, ஞாயிறு தண்ணீர் வராது என்றாள். மற்ற நாட்களில் அந்திக் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதும்போது பள்ளத்துக்குத் தண்ணீர் வந்துவிடும், நாலு மணி என்றாள். இதுகூட மறந்துபோச்சா என்று என்னைக் கேலியும் செய்தாள். நான் வந்து கெல்லர் துரையிடம் நாலு மணி என்றேன். அவர் தன் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்கும் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்.

நான் தப்புச் செய்தது இந்த இடத்தில்தான். ஆத்துமலைத் தோட்டத்து மணிக்கூடு ஊர் மணிக்கூட்டை விட அரை மணி முன்னால் ஓடும். எந்தக் காலத்துத் துரையோ ஆட்களை விடியுமுன்னே வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிடுவதற்காகத் திருப்பி வைத்தது. அரசாங்கம் வந்தும் அதை யாரும் தொடவில்லை. தோட்டத்தில் நாலு என்றால் ஊரில் மூன்றரை. பஸ்ஸுக்குப் போகும்போது அரை மணியைக் கழித்துக்கொண்டு போவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நானே ஆயிரம் தடவை கழித்திருக்கிறேன். ஆனால் அது பஸ்ஸுக்கு. தண்ணீருக்கும் கழிக்க வேண்டும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அணைக்குக் கீழே இறங்கினோம். ஒல்லியான மூன்று படகுகள், ஆளுக்கொரு துடுப்பு. இரண்டு படகில் வெள்ளைக்காரப் பயணிகள் நான்கு பேர், மூன்றாவதில் கெல்லர் துரையும் நானும். மடு வந்தால் துடுப்புப் போடுவோம், பாறை வந்தால் படகைத் தலையில் தூக்குவோம். வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடித்தது. கெல்லர் துரைக்கு வெகு திருப்தி. பாலைவனம் மாதிரியே இருக்கிறது என்றார். அன்று மாலை மணலில் கூடாரம் அடித்தோம். தண்ணீர் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு என்பதும், கோடையில் தோட்டத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக வடிவதால் சனம் முழுக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு வரும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். துரையிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு வளைவு திரும்பினால் இருநூறு பேர். பாறை முழுக்கச் சேலை காய்கிறது. பிள்ளைகள் ஓடிவந்து படகைத் தொட்டுப் பார்த்தன. பயணிகள் கேமராவைக் கீழே இறக்கினார்கள். கெல்லர் துரையின் முகம் கறுத்தது. இவர்களைக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போகச் சொல், படம் எடுக்க வேண்டும் என்றார்.

சொன்னேன். ஆற்றில் குளிக்கிற சனத்தைப் பார்த்து, அவர்களுடைய ஆற்றை விட்டு எழுந்து போகச் சொன்னேன். வேலை வாங்கும் கங்காணி மாதிரிக் கையை வேறு ஆட்டினேன். சனம் முணுமுணுத்துக்கொண்டே ஈரத் துணியை அள்ளிக்கொண்டு நகர்ந்தது. அதில் அக்காவும் இருந்தாள். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா என்று கெல்லர் துரை கேட்டார். தெரியாது என்றேன்.  ஒரு வழிகாட்டியின் அக்கா வாளியும் ஈரச் சேலையுமாக நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பள்ளத்துக்குள் நுழைந்தோம். நாலு மணிக்குத் தண்ணீர், மூன்றே முக்காலுக்கெல்லாம் பள்ளம் தாண்டி மேட்டில் ஏறிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. உள்ளே போனதும் கெல்லர் துரை துடுப்பை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் கறுத்த பாறை, மேலே ஒரு கீற்று வானம், கீழே அசையாத பச்சைத் தண்ணீர். இத்தனை நாளும் தேடியது இதைத்தான் என்றார். பயணிகளைப் படகோடு வளைவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். என்னையும் ஒரு கல்லுக்குப் பின்னால் குந்தச் சொன்னார். படத்தில் ஒரு ஆளும் தெரியக் கூடாதாம். குந்தினேன். பள்ளத்தின் பெயர், ஆழம், எல்லாம் அவருக்குச் சொன்னவன் நான். சொல்லி முடித்ததும் கல்லுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அப்போது மேலே ஒரு கூச்சல். கெல்லர் துரை ஒரு படம் எடுத்துவிட்டுப் பல்லைக் கடித்தார். நேற்று மாதிரி உன் ஆட்களைப் போகச் சொல் என்றார். எழுந்து பார்த்தேன். பாறை விளிம்பில் அக்கா. முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, இரண்டு கையையும் தூக்கி வீசுகிறாள்.

"லோரன்சு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல ஏறுடா. சங்கு ஊதப் போவுது."

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்று கத்தினேன்.

"என்னடா நிமிசம்? பொம்பளைங்க எல்லாம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று இருபது என்றால் தோட்டத்தில் மூன்று ஐம்பது.  உடனே ஏறுங்கள், தண்ணீர் வருகிறது என்று இங்கிலீஷில் அலறினேன். நாலு மணி என்றுதானே சொன்னாய் என்றார் கெல்லர் துரை. என் வாய் தானாகச் சொன்னது, இன்றைக்கு முன்னதாகத் திறந்துவிட்டார்கள் என்று.

எங்கே ஏறுவது? பாறை சுவர் மாதிரி நின்றது. அக்கா விளிம்போடு ஓடி, விறகுக்கு வரும் பெண்கள் கால் வைக்கிற வெடிப்பைக் காட்டினாள். பாதி தூரம் இறங்கி வந்து, வயதான ஒரு வெள்ளைக்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு படகைக் கயிறு போட்டு ஏற்றினோம். மூன்றாவது கீழேயே கிடந்தது. கடைசியாக நான் ஏறினேன். என் கால் விளிம்பில் படும்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் கீழே இரைச்சல் கேட்டது. பச்சைத் தண்ணீர் பழுப்பாகி, நுரைத்து, நான் குந்தியிருந்த கல்லை மூடியது. மூன்றாவது படகு ஒரு தடவை புரண்டது, பிறகு காணவில்லை. 

கெல்லர் துரை அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்தார். அணைக்காரன் சொல்லாமல் அரை மணி முன்னால் திறந்துவிட்டான், ஆறு பேரைக் கொல்லப் பார்த்தான், அவன் வேலையைத் தொலைக்காமல் விடமாட்டேன் என்றார். அப்படித்தானே என்று என்னைக் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். வேலை எனக்கு நிரந்தரம். அணையில் இருக்கிறவன் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நிறுவைக்குப் போகாததற்குப் பழனியாண்டிக் கங்காணி அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான் போடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து அவரு கேட்டப்போ என்னைத் தெரியாதுன்னு தானே சொன்னே?"

 உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே என்று வாய் வரைக்கும் வந்தது.

"இங்கிலீசு தெரியாட்டி என்னடா. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னால் அழுதேன். அழுதுகொண்டே கெல்லர் துரையிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இவள் என் கூடப்பிறந்த அக்கா என்றேன். அணைக்காரன் சரியான நேரத்துக்குத்தான் திறந்தான், தோட்டத்து நாலு மணியை ஊர் நாலு மணி என்று சொன்னது நான் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அந்த அரை மணியை விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு, எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு அக்காவிடம் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.  கிளம்பும்போது எனக்குக் கொடுத்த கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலை போனது. அடுத்த கோடையில் கம்பெனி வேறு யாரையோ வைத்து வேறு எங்கேயோ நடத்தியதாகக் கேள்வி. நான் ஆத்துமலைக்கே திரும்பி, அக்காவின் லயத்து அறையில் தங்கி, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனேன். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. உண்மை பேசியதற்காக யாரும் மாலை போடவில்லை.

ஆவணி மாதம் தோட்டத்துத் தபாலில் வெளிநாட்டு உறை ஒன்று வந்தது. உள்ளே கடிதம் இல்லை, ஒரு படம் மட்டும். பள்ளம், கறுத்த பாறை, பச்சைத் தண்ணீர். அவர் சொன்ன மாதிரியே பாலைவனம் போலத்தான் இருந்தது. ஆனால் மேல் மூலையில், விரல் நகம் அளவுக்கு, கூடையும் சாக்குமாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அக்கா. படத்துக்குப் பின்னால் "3.20" என்று எழுதி, பக்கத்திலேயே "3.50" என்றும் எழுதியிருந்தார்.

அக்கா படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கலாம், படத்தில் இப்படியா வந்து விழுவது என்று குறைப்பட்டாள். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நீ எங்கடா?"

தண்ணீர் ஓரத்தில் இருந்த கல்லைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுக்குப் பின்னாலதான்க்கா. ஆள் தெரியக் கூடாதுன்னு குந்திக்கிட்டு இருந்தேன்."

 அக்கா சேலை முந்தானையால் படத்தில் அந்தக் கல் இருந்த இடத்தை மட்டும் ஒரு தடவை துடைத்தாள்.