வாய்ப்புண் ஆறிய ஞாயிறு

ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை போட்டது போக, ஒரே ஓர் ஆள் நிற்கலாம். இருபது வருஷமாக அங்கே ஆல்ட்டரேஷன் வேலை பார்க்கிறவளுக்குக் கடை ஆட்கள் வைத்த பெயர் ரேடியோக்கா. வைத்ததில் தப்பே இல்லை. பேன்ட் காலை மடித்துக் குண்டூசி குத்தும்போது பேசுவாள், குத்தி முடித்தும் பேசுவாள், துணி கொடுத்தவர் போன பிறகு மெஷினோடு பேசுவாள். நாலு ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே வளவளவென்று பேசுவதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமைதான் வினையாகப் போனது. ஒரு திங்கட்கிழமை ஊசியும் வாயுமாக இருக்கும்போது சிரித்துத் தொலைத்தாள். கீழுதட்டின் உள்பக்கம் கீறிவிட்டது. துப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள். புதன்கிழமை அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு குழி, சுற்றிலும் சிவப்பு. வெள்ளிக்கிழமை நாக்கின் ஓரத்தில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று என்று உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வாய்ப்புண்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்களுக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் எரியும். கொட்டாவி விட்டால் சுரீரென்று இழுக்கும். ஒரு வார்த்தை பேச நாக்கைத் திருப்பினால் பல்லில் உரசி உயிரே போய்விட்டு வரும்.

சோறு இறங்காததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே கவலை ஞாயிற்றுக்கிழமை. புருஷன் போய்ப் பதினைந்து வருஷம். ஒரே மகன், தூர தேசத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இவள் கூப்பிடுவாள், நாற்பது நிமிஷம் பேசுவாள். மற்ற ஆறு நாளும் அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்துத்தான் ஓடும்.

வாய்ப்புண் என்று மகனிடம் சொல்லிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். போன மாதம் முழங்கால் வலி என்றதற்கு, "என்னம்மா நீ, போனை எடுத்தாலே நோவுக் கதைதானா? சந்தோஷமா ஏதாவது சொல்லேன்" என்று கேட்டுவிட்டான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இனி உடம்பைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஆக அந்த ஞாயிறு முதல்தடவையாக ஒரு பொய் மெசேஜ் போனது. 'கடையில் வேலை ஜாஸ்திப்பா. இன்றைக்குப் பேச முடியாது. சாப்பிட்டியா?'

ஒரே நிமிஷத்தில் பதில்! 'சாப்டேன்மா. நீ வேலைய பாரு.' கூடவே கட்டைவிரல் படம் ஒன்று. போன் அடித்தால் சாவகாசமாக எடுக்கிற பயல் ஒரே நிமிஷத்தில் பதில் போட்டானே என்று அவள் பூரித்துப் போனாள். என் குரல் கேட்காமல் பிள்ளை தவிக்கிறான் என்று தானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். பெற்றவளிடம் போய் இதையெல்லாம் யார் விளக்குவது?

அடுத்த ஞாயிறுக்குள் ஆறியே தீரவேண்டும். பில் போடும் பெண், "கல் உப்பை வெச்சு அழுத்துங்கக்கா, ஒரே ராத்திரில காஞ்சிடும்" என்றாள். அழுத்தினாள். கண்ணில் பூச்சி பறந்தது, புண் இன்னும் சிவந்தது. மறுநாள் பல் டாக்டரம்மாவிடம் போய் வாயைத் திறந்தாள்.

"உப்பை அப்படியேவா வெச்சீங்க? யாரு உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?" டாக்டரம்மா விளக்கைத் திருப்பி உதட்டை மெல்லப் புரட்டிப் பார்த்தார். "உப்பை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, ஒரு நாளைக்கு நாலு தடவை கொப்பளிங்க. இந்தக் களிம்பை அப்புறமா, பஞ்சால ஈரத்தை எடுத்துட்டு லேசா ஒத்தி வைக்கணும். தேய்க்கக் கூடாது. காரம், புளிப்பு, சூடு எதுவும் வேண்டாம். பல் தேய்க்க மெத்துன்னு இருக்கிற பிரஷ் வாங்கிக்குங்க."

"தொத்துமா டாக்டர்?" என்று பாதி சைகையிலும் பாதிப் பேச்சிலும் கேட்டாள்.

"தொத்தாது. இது பெரும்பாலும் தானாவே ஆறிடும். பத்து நாள், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். மூணு வாரம் தாண்டியும் ஒரு புண் அப்படியே இருந்தா கட்டாயம் வந்து காட்டணும், அலட்சியமா இருக்கக் கூடாது. அடிக்கடி வந்தாலும் சொல்லுங்க, ரத்தத்துல சத்து ஏதாவது குறையுதான்னு பாப்போம். ஊசியை வாயில வைக்கிறதை மட்டும் இன்னையோட விட்டுடுங்க." எழுதிக்கொண்டே கேட்டார், "நாக்கு ஓரமெல்லாம் புண்ணா இருக்கே, ரொம்பப் பேசுவீங்களோ? வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

ஒரு விரலைத் தூக்கித் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. பேச்சைக் குறைக்கிறது சுலபம்" என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷிதான், வாய் தவறி வந்த வார்த்தை. ரேடியோக்கா சிரிக்கப் பார்த்தாள். புண் இழுத்தது.

வேளை தவறாமல் கொப்பளித்தாள். ஊசிகளைக் குத்திவைக்க மணிக்கட்டில் பஞ்சடைத்த பட்டை ஒன்றைத் தைத்துக் கட்டிக்கொண்டாள். 'அரை இஞ்ச் குறைக்கவா?' என்று சீட்டில் எழுதிக் காட்டினாள். முதல் இரண்டு நாள் படியிறங்கிவந்து, "ரேடியோ ரிப்பேரா?" என்று கேலி பண்ணிய கடை ஆட்கள், அப்புறம் சீட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் போகப் பழகிவிட்டார்கள். வீட்டில் அதுவும் இல்லை. பூட்டைத் திறந்தாள், விளக்கைப் போட்டாள், ஆறிப்போன கஞ்சியைக் குடித்தாள், படுத்தாள். தன் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடும் போலிருந்தது.

இரண்டாவது ஞாயிறும் மெசேஜில் கழிந்தது. மகன் மூன்று வரி எழுதினான், பேத்தியின் படம் ஒன்றும் அனுப்பினான். பாவம், ரொம்பத்தான் ஏங்குகிறான் என்று இவள் படத்தைத் தடவிக்கொடுத்தாள். இன்னும் ஒரு வாரம் பொறுடா கண்ணா, பலகாரம் மாதிரி சேர்த்து வைத்திருக்கிறேன், மொத்தமாகத் தருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையைக் காணோம். சந்தேகம் தீர ஓர் எலுமிச்சை மூடியை எடுத்து நாக்கில் பிழிந்தாள். புளித்ததே தவிர எரியவில்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள், அதுவும் வலிக்கவில்லை.

ஞாயிறு பதினொரு மணி. மூன்று வாரத்துக்குப் பிறகு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா? என்னம்மா ஆச்சு? ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லடா. ஞாயித்துக்கிழமை ஆச்சே, அதான் கூப்பிட்டேன்."

"யப்பா, பயந்தே போயிட்டேன்! மெசேஜ் போடுறவ திடீர்னு கூப்பிட்டா என்ன நினைக்கிறது?" பின்னால் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "இப்பதாம்மா வெளிய கிளம்புறோம். ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மெசேஜ் ரொம்ப வசதியா இருக்கும்மா. உனக்கும் வேலை கெடாது, எங்களுக்கும் ஞாயித்துக்கிழமை காலைல எங்கயாச்சும் போய்வர முடியுது. இப்படியே வெச்சுக்கலாமே?"

"எனக்கு வேலையெல்லாம் ஒண்ணும் ஜாஸ்தி இல்லடா," என்றாள். "வாய்ல புண்ணு. பேச முடியல. அதை உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு..."

"அட, இவ்வளவுதானா? சொல்லியிருக்கலாம்ல. இப்ப ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"அப்புறம் என்ன? சரிம்மா, வெச்சிடறேன். மெசேஜ் போடு, என்ன?"

மணி பதினொன்று இரண்டு. சேர்த்து வைத்ததெல்லாம் அப்படியே மிச்சம். யாரிடம் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை ஒரு தப்பும் சொல்லவில்லையே. கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது. துடைத்துக்கொண்டாள், ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அப்புறம் கேளுடா," என்று ஆரம்பித்தாள். "ஒரு ஆளு ஒரே பேன்ட்டை மூணாவது தடவையா இடுப்பைப் பிரிக்கக் கொண்டுவந்திருக்கான். தொப்பைய ஒத்துக்க மாட்டானாம், துணி சுருங்கிடுச்சாம்! என்ன சொல்ற நீ?"

மகன் வழக்கமாக 'ம்' போடுகிற நேரத்துக்குச் சற்று நிறுத்தினாள். பிறகு பேத்தி படத்தில் போட்டிருந்த கவுனின் கை தூக்கலாக இருக்கிறது, பிரித்துத் தைக்கவேண்டும் என்று சொன்னாள். மறுபடி நிறுத்தினாள். அணைந்துபோன போனில், 'ம்' போட இடம் விட்டு விட்டு, பதினொன்று நாற்பது வரைக்கும் பேசினாள்.