நெஞ்சைப் பிடிக்காத கதாநாயகி

1

இந்தக் கதை ஒரு நர்ஸிடம் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது. ரத்தம் எடுக்க ஊசியைக் குத்திவிட்டுத்தான் கேட்டார்: "உங்க கதையில ஆம்பளைங்க மாரடைப்புல சாகுறாங்க, பொம்பளைங்க ஏக்கத்துல சாகுறாங்க. ஏன் சார், எங்களுக்கெல்லாம் இதயமே இல்லையா?"

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ஏழு ஆண்கள். ஏழு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

2

முதல் வரி: அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு…

(அடித்துவிட்டேன். பழக்கதோஷம். சில பெண்களுக்கு மாரடைப்பு, நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமலே வருமாம்.)

மறுபடி: அவள் மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாகக் கவுண்டரில் நிற்பவள். மூன்று வாரமாகக் குளித்து முடிப்பதற்குள்ளேயே களைத்துப்போகிறாள். மேல் தட்டு மருந்துக்கு ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தாடையிலிருந்து முதுகுவரை ஒரு பிடிப்பு. "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

3

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "மருந்துக்கடைக்காரிக்கு இதுகூடத் தெரியாதா? நம்புற மாதிரி இல்லையே."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவளுக்கு எல்லாம் தெரியும், அதுதான் கொடுமை. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வரும் ஆணைப் பார்த்தால், "மாத்திரையெல்லாம் வேணாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று விரட்டுவாள். "என்னமோ பண்ணுதுக்கா" என்று வரும் பெண்ணுக்குக் கேஸ் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பாள். தனக்கும் அதே டப்பாவிலிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

4

கூட்ட நேரம். பக்கத்துப் பள்ளி டீச்சர் வந்தார். நெற்றியில் வியர்வை.

"முதுகு புடிச்ச மாதிரி இருக்கு, குமட்டுது, தாடை வேற வலிக்குது. ஒரு கேஸ் மாத்திரை குடுங்க."

கை தானாக டப்பாவுக்குப் போனது. பாதியில் நின்றது. டீச்சர் சொன்னது அவளுடைய உடம்பைத்தான். இந்தக் கையால் எத்தனை பேரை இப்படி வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று நினைத்தபோது, அவளுக்குப்

(இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

பயம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"எத்தனை நாளா டீச்சர்?"

"நாலு நாளா."

"எனக்கு மூணு வாரம். வாங்க, போலாம்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஸ்டூலில் போட்டாள். முதலாளி பதறினார். "கூட்ட நேரத்துல எங்கம்மா போற?"

"கூட்டம் காத்திருக்கும் முதலாளி. இது காத்திருக்காது."

5

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "டென்ஷன் ஆகாதீங்கம்மா. கேஸா இருக்கும்."

"தம்பி, பதினெட்டு வருஷமா கேஸுக்கு மாத்திரை விக்கிறவ நான். ஈசிஜி எடுங்க. ரத்தத்தையும் பாருங்க. ரெண்டு பேருக்கும். எடுக்குற வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கடைசியில் டாக்டர்தான் எழுந்தார்.

6

ஆசிரியர் இரண்டு முடிவுகள் கேட்டிருக்கிறார். ஒன்றில் டீச்சர் சாக வேண்டும். இன்னொன்றில் இருவருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டும்.

இரண்டும் தரமாட்டேன். ஒன்றுமில்லை என்று வந்தால், "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்பீர்கள். ஏதோ இருக்கிறது என்று வந்தால், "நல்லவேளை கேட்டாள்" என்பீர்கள். அவள் கேட்டது சரியா என்பதை ஈசிஜி காகிதம் சொல்ல வேண்டியதில்லை. அவள் கேட்டது சரி.

ஈசிஜி மெஷினிலிருந்து காகிதம் வெளியே வர ஆரம்பிக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கப்போவதில்லை.

உங்கள் வீட்டில் யாரோ ஒருத்தி, "ஒண்ணுமில்ல, அசதிதான்" என்று சொல்லியிருப்பாள். எழுந்து போய், எத்தனை நாளாக என்று கேளுங்கள்.

அது நீங்களேதான் என்றால், கதையை இங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டுங்கள்.