நல்லமுத்து கொண்டுவந்த சேதி

நாகலெட்சுமி ஹட்டனுக்குப் பாட வந்திருக்கிறாள் என்று தெரிந்ததுதான் தாமதம், சோலைமலை காலையிலேயே பெண்டாட்டி பிள்ளையோடு அவள் தங்கியிருந்த வாடிவீட்டுக்கு வந்து நின்றுவிட்டான். எட்டு வருஷமாக இந்த மனுஷன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தவள் நாகலெட்சுமி. ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதற்குள் அவன் அவளுடைய அறை வாசலுக்கே வந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அக்கா, இது அம்மாக்கண்ணு, என் சம்சாரம். இது மூத்தது. பேரு நான்சி."

நான்சி என்பது நாகலெட்சுமியின் மேடைப் பெயர். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாச் சமையல்காரரின் மகளாகப் பிறந்தவள். பங்களா கிராமபோனில் கேட்டுக் கேட்டே ஜாஸ் பாடக் கற்றுக்கொண்டவளுக்கு, பேண்ட் முதலாளி மெல்வில் வைத்த பெயர் அது. இன்று கொழும்பு ரேடியோ கேட்கிற வீட்டிலெல்லாம் அந்தப் பெயர் தெரியும். அதைக் கொண்டுபோய் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வைத்திருக்கிறானே, பாவி மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலத்தில் அவளும் சோலையும் ஒரே வேனில் மலைநாடு முழுக்கச் சுற்றினார்கள். துரைமார் கிளப் ஒன்று பாக்கியில்லை. மெல்விலின் டிரம்ஸ்காரன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது, எங்கள் தோட்டத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லி சோலையைக் கூட்டிவந்தவளே அவள்தான். விடியற்காலைப் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூப்பிடவும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் பறை அடிக்கிறவன் ஜாஸுக்கு அடிப்பானா என்று மெல்வில் முகத்தைச் சுளித்தார். சோலை உட்கார்ந்து அடித்தான். மெல்வில் அன்றைக்கே அவனை வேனில் ஏற்றிக்கொண்டார்.

என்ன மாதிரி நாட்கள் அவை! இறம்பொடை வளைவுகளில் பனி மூடிக்கொண்டால் சோலைதான் இறங்கி, வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் நடப்பான். அவள் தொண்டைக்கென்று சட்டைப் பையில் கற்கண்டு வைத்திருப்பான். ஈரத்தில் டிரம்ஸ் தோல் தொய்ந்துபோனால் கிளப் குசினிக்குத் தூக்கிப்போய் அடுப்பில் காட்டி விறைப்பாக்கி வருவான். தலவாக்கலை கிளப்பில் அடுப்பை ஒழித்துக்கொடுத்து, பக்கத்தில் நின்று கதையும் பேசுகிறவர் பட்லர் நல்லமுத்து. அவரும் அதே தோட்டத்துக்காரர். மூன்று பேரும் குசினியில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மாதிரி அவள் கொழும்பில் ஒரு நாளும் சிரித்ததில்லை.

அந்தக் கிளப்பில்தான் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரத் தேநீர் நடனம். அவள் பாட்டைக் கேட்கவென்றே ரேடியோவிலிருந்து ஒருவர் மலையேறி வந்திருந்தார். பகல் சோற்று நேரத்தில் நல்லமுத்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தோட்டத்து ஆபீசிலிருந்து டெலிபோன் வந்ததாம். சோலையின் ஆத்தா போய்விட்டாள், நாலு மணிக்கு எடுக்கிறார்கள், மகனை உடனே அனுப்பச் சொன்னார்கள் என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்று அவரை அனுப்பிவைத்தாள் நாகலெட்சுமி.

சொல்லவில்லை. சோலை இல்லாவிட்டால் அவளுடைய நல்ல பாட்டுகள் எல்லாம் சப்பென்று போயிருக்கும். முதலில் ஒரே ஒரு பாட்டு முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு இன்னொன்று. கடைசியில் ஆட்டம் முடிந்து எல்லாரும் கைதட்டி, ரேடியோக்காரர் வந்து கைகொடுத்த பிறகுதான் சோலையிடம் போனாள். இப்போதுதான் சேதி வந்தது என்றாள். மெல்விலிடம் அழுது கெஞ்சி அவர் காரிலேயே அவனை ஏற்றி அனுப்பினாள். அவன் போய்ச் சேர்ந்தபோது, மண் தள்ளிவிட்டு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்களாம். அந்தத் தோட்டத்தில் எத்தனை சாவுக்கோ அடித்தவன், பெற்றவளுக்கு அடிக்கவில்லை. அவளுக்கு ரேடியோவில் வேலை கிடைத்தது. நாசமாய்ப் போன வேலை.

இப்போது அவன் அந்தக் காரைப் பற்றித்தான் மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். துரைமாரே ஏறாத காராம். அக்கா மட்டும் இல்லையென்றால் அன்றைக்குத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டானாம். நாகலெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் மூச்சு விட்ட இடைவெளியில் அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள்.

"அக்கா, நல்லமுத்து மாமா நேத்து செத்துட்டாங்க. இன்னைக்குச் சாயந்தரம் எடுக்கிறாங்க. இவரு கொட்டு அடிக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. தோட்டத்துல அடிக்க வேற ஆளு இல்ல."

ஏன் என்று நாகலெட்சுமி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னிக்கு சேதிய பகல்லயே உங்ககிட்ட சொல்லிட்டேன்னு மாமா இவருகிட்ட சொல்லியிருக்காங்க. இவரு அவங்கள அடிச்சிட்டாரு. அதோட பேச்சு வார்த்தை கிடையாது. சாகுறவரைக்கும் மாமா அதையேதான் சொன்னாங்க. நெசம் என்னான்னு நீங்கதான் சொல்லணும்."

சோலை பெண்டாட்டியை அதட்டினான். அக்காவிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது என்றான். அவனுக்கு மெய்யாகவே வெட்கமாக இருந்தது. குட்டி நான்சி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நாகலெட்சுமியையே பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் சோலை எழுந்து போய் அடிப்பான், பிறகு அவள் முகத்தில் விழிக்க மாட்டான். சொல்லித் தொலையேன் என்று அவள் மனசே அவளைத் திட்டியது. உலகத்தில் அவளை நல்லவள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"ஆட்டம் முடியிற நேரத்துலதான் வந்து சொன்னாரு," என்றாள்.

சோலை பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். நாகலெட்சுமி அவசரமாக அவன் பக்கம் திரும்பினாள்.

"வயசான மனுஷன், நாள் நேரம் மறந்துருப்பாரு சோலை. செத்தவருகிட்ட என்ன கோவம்? எனக்காகப் போய் அடிச்சிட்டு வா."

"என்னையப் பத்தி என்ன சொல்லியிருந்தாலும் போயிருப்பேங்க்கா. உங்களப் பத்தில்ல சொன்னாரு. உங்களுக்காகத்தான் நான் போகாம இருக்கேன்."

அவள் வாயைத் திறந்தாள். சரி சோலை என்பதுதான் வந்தது. அம்மாக்கண்ணு அவளைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"வாங்க போவோம். அவங்களுக்குப் பாடப் போவணும்."

சாயந்தரம் நாகலெட்சுமி மண்டபத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நல்லமுத்துவைக் கொட்டு இல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.