ஈரக் கயிறு

"கையைத் தூக்குடா" என்றான் பெரியவன்.

சின்னவன் இரண்டு கையையும் தூக்கினான். வலது கை தலைக்கு மேலே போனது. இடது கை தோள் மட்டம் வரை வந்து நின்றுவிட்டது. அது அங்கேதான் நிற்கும். முப்பத்தைந்து வருஷமாக அதற்கு மேலே போனதில்லை. அந்தக் கையைப் பார்க்க வேண்டாம் என்றுதான் பெரியவன் தம்பி வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை.

படுக்கை நனைந்துபோயிருந்தது. தம்பி பெண்டாட்டி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மகள் அடுப்படியில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பன் உடம்பைத் துடைக்க மகளைக் கூப்பிட அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் எழுபத்திரண்டு வயசுக்காரன் அறுபத்தெட்டு வயசுக்காரனுக்குத் துணி மாற்ற வேண்டியதாயிற்று.

வேறு ஆளாக இருந்தால் கூசிச் சுருண்டிருப்பான். பெரியவனாக இருந்தால் கிட்ட வந்தவன் கையைத் தட்டிவிட்டிருப்பான். இவனுக்கு அதெல்லாம் இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி, திருப்பினால் திரும்பினான், தூக்கினால் எழுந்தான். துடைத்து முடித்ததும் "ஸ்தோத்திரம்" என்றான்.

"துடைச்சது நான்" என்றான் பெரியவன்.

"உனக்கும்தாண்ணே."

இந்தப் பேச்சுதான் பெரியவனுக்கு ஆகாது. எதைச் செய்தாலும் நன்றி மேலே போய்விடும். செய்தவனுக்கு மிச்சம்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேருமே சாரம் கட்டுகிறவர்கள். கட்டிடம் எழும்பும்போது கொத்தனார் நின்று வேலை செய்ய, கம்பும் பலகையும் கயிறுமாகக் கட்டுகிற வேலை. பெரியவன் எவனையும் நம்ப மாட்டான். கம்பு கொண்டுவந்தவனை நம்ப மாட்டான், மேஸ்திரியை நம்ப மாட்டான், தான் போட்ட முடிச்சைக்கூட நம்ப மாட்டான். ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். அதுவரை யாரும் பலகையில் கால் வைக்கக் கூடாது. சின்னவன் மட்டும் இரண்டாவது இழுப்பிலேயே ஏறிவிடுவான். கேட்டால், நீ கட்டினதுதானே என்பான்.

தம்பி கை போன அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. வெளியே போட்டிருந்த கயிற்றுக் கட்டு முழுக்க ஊறிவிட்டது. மேஸ்திரி சாயங்காலத்துக்குள் சாரம் நிற்க வேண்டும் என்று கத்தினார். ஈரத்தில் கயிறு இறுகும், காய்ந்தால் விட்டுவிடும். சாரம் கட்டுகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. பெரியவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கட்டினான். மூன்று தடவை இழுத்தும் பார்த்தான். ஈரக் கயிறு எத்தனை தடவை இழுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. மூன்றாம் நாள் காலை சின்னவன் ஏறினான். இரண்டாவது மாடி உயரத்தில் குறுக்குக் கம்பு நழுவியது. பலகை சாய்ந்தது. சின்னவன் இடது கையால் ஒரு கம்பைப் பிடித்துத் தொங்கினான், தோள் பிய்ந்தது, மணல் குவியலில் விழுந்தான். எல்லாரும் ஓடி வந்தார்கள். பெரியவன் முந்திக்கொண்டு, "கவனமில்லாம கால் வச்சிட்டான் மேஸ்திரி" என்றான். மணலில் கிடந்தவன் அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஆமா மேஸ்திரி, என் கால்தான்" என்றான்.

அதோடு சின்னவன் ஏறுகிற வேலை முடிந்தது. கொஞ்ச காலம் ஒற்றைக் கையால் மணல் சலித்தான், தண்ணீர் சுமந்தான். பிறகு கோயிலில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போனான். ஆராதனை நேரத்தில் செருப்புக் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சுதான் அவனுக்கு. முன்னால் வா என்று போதகரே கூப்பிட்டாலும் போக மாட்டான். கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், அவர் பார்த்துக்கிறார் என்பான். பெரியவனோ இருபது பேரை வைத்து வேலை வாங்குகிற அளவுக்கு வந்தான். அதன் பிறகு அவன் கட்டிய சாரத்திலிருந்து ஒரு ஆள் விழுந்ததில்லை. விடியற்காலையிலேயே போய் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துவிடுவான்.

இன்றைக்கு அவன் வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. டாக்டர் இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டதாக மகள் போன் பண்ணியிருந்தாள். அது ஈரக் கயிறு என்று தம்பிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதென்றால் அவன் முட்டாள், விட்டுவிடலாம். தெரியுமென்றால் முப்பத்தைந்து வருஷமாக அண்ணனுக்குப் பிச்சை போட்டுக்கொண்டிருக்கிறான். பெரியவன் யாரிடமும் பிச்சை வாங்கினவனில்லை.

தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்தபோதே, "இப்ப என்னத்துக்கு வந்தீங்க மாமா?" என்றுதான் கேட்டாள். நாற்காலி எடுத்துப் போடவில்லை. மருந்துக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் வர்ற வரைக்கும் அவரைத் தூங்க விடுங்க. எதையும் கிளறாதீங்க" என்றாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது மகள் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு, நனைந்த துணியை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் கட்டினது ஈரக் கயிறு" என்றான். "உனக்குத் தெரியுமா?"

சின்னவனுக்கு மூச்சு வாங்கியது.

"தெரியும். ஏறும்போதே தெரிஞ்சுது. காய்ஞ்சு தொளதொளன்னு இருந்துச்சு."

"தெரிஞ்சும் எதுக்குடா ஏறின?"

"நீ கீழ நின்னியேண்ணே."

பெரியவனுக்கு ஆத்திரம் வந்தது. சாகப்போகிறவனிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு இப்படி ஒரு தம்பி இருந்திருக்க மாட்டான்.

"நின்னா? தாங்கிப் பிடிச்சிருவேனா? நீ என்ன கைக்குழந்தையா?"

சின்னவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. பெரியவன் அவன் வாயைத் துடைத்தான், வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தித் துடைத்தான்.

"அப்புறம் எதுக்கு உன் கால்னு சொன்ன?"

"கால் என்னுதுதானே. தெரிஞ்சுதானே வச்சேன்."

பின்கட்டில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. இதோடு எழுந்து போயிருக்கலாம். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. ஆனால் பெரியவன் எழவில்லை. அடியில் இன்னொன்று கிடந்தது. அதைப் பெண்டாட்டியிடம்கூட அவன் சொன்னதில்லை. அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

"நான் கீழ நிக்கலடா" என்றான். "கம்பு வர்றதைப் பார்த்ததும் விலகிட்டேன்."

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கிவிட்டான் என்று பெரியவன் நினைத்தான். அப்படி இருந்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"மேல இருந்து பார்த்தா எல்லாம் தெரியும்ணே" என்றான் சின்னவன். "அப்புறம் ஓடி வந்தியே."

ஓடி வந்தது எதற்கென்று பெரியவனுக்குத் தெரியும். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் தான் திறக்க. அதை அவன் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் இவன் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவான். இவனை ஜெயிக்க முடியாது. குனிந்தே கிடக்கிறவனை எங்கே பிடித்துத் தள்ளுவது?

"பயமா இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

"எதுக்கு?"

"போறதுக்கு."

"இல்ல. கீழ ஆள் நிக்கிறார்."

"நின்ன ஆள் விலகினதைப் பார்த்தவன்தானே நீ?"

"அவர் விலக மாட்டார்ணே." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்து போனது. "தூக்கி உட்கார வை. முடியல."

பெரியவன் கட்டிலில் ஏறித் தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். யாராக இருந்தாலும் இன்னொருத்தன் மேல் சாயும்போது கொஞ்சம் எடையைத் தன்னிடமே வைத்துக்கொள்வான். தாங்குகிறவன் நகர்ந்துகொண்டால் விழாமல் இருக்க வேண்டுமே. சின்னவன் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தலை, தோள், முதுகு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டான். எலும்பும் தோலுமான ஆள் இவ்வளவு கனப்பான் என்று பெரியவன் எதிர்பார்க்கவில்லை. முதுகுக்குச் சுவர் எட்டவில்லை. இடுப்பு வலித்தது. தலையணையை எடுத்து வைக்கலாம் என்றால் அதற்கு ஒரு கையை எடுக்க வேண்டும்.

எடுக்காமலே இருந்தான். மூச்சு வந்தது, போனது. வந்தது. பிறகு வரவில்லை.

தம்பி பெண்டாட்டி மருந்துப் பையோடு வாசலில் நின்று பார்த்தாள். கத்தவில்லை. பையை மேஜை மேல் வைத்தாள். உள்ளே வந்து புருஷன் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு அவன் கண்ணை மூடிவிட்டாள்.

"கேட்டுட்டீங்களா?" என்றாள்.

"ம்."

"எத்தனையோ தடவை நானும் கேட்டேன். என் கால்தான்னு சொல்லிட்டே போயிட்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட என்ன சொன்னார்?"

பெரியவன் நெஞ்சில் கிடந்த தலையைப் பார்த்தான்.

"சரி, படுக்க வைங்க" என்றாள். அவன் அசையவில்லை. அவளே மகளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கினார்கள்.

மறுநாள் அடக்கம். காலையிலிருந்து தூறல். போதகர் குடை பிடித்துக்கொண்டு, இவர் தன்னைத் தாழ்த்தினவர், ஒரு பிள்ளையைப் போல ஆண்டவர் மேல் சாய்ந்திருந்தவர் என்று பேசினார். சாய்ந்தது யார் மேல் என்று இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று பெரியவன் நினைத்தான். நேற்றுப் பிடித்த இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

பெட்டியை இறக்குவதற்கான இரண்டு கயிறும் மண் குவியல் மேல் நனைந்து கிடந்தன. பெரியவன் ஒன்றை எடுத்து விரலால் பிழிந்தான். தண்ணீர் சொட்டியது.

"ஈரக் கயிறு. வேற கொண்டு வா" என்றான் குழி வெட்டுகிறவனிடம்.

"இறக்கத்தானே போறோம் பெரியவரே, சாரமா கட்டப் போறோம்?" என்றான் அவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் இருமி மழுப்பினார்கள்.

வயசான காலத்தில் எதற்கு, தள்ளி நில்லுங்கள் என்று யாரோ அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கப் பார்த்தார்கள். பெரியவன் கொடுக்கவில்லை. தலைமாட்டுப் பக்கம் அவனே நின்றான். நாலு பேரும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். மற்ற மூன்று பேர் வேகமாக விட, இவன் மட்டும் மெதுவாக விட்டதில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒழுங்காக விடச் சொல்லிக் குழிக்காரன் அதட்டினான். யாரைச் சொன்னான் என்று எல்லாருக்கும் தெரியும்.

பெரியவன் எட்டிப் பார்த்தான். கீழே மண்ணும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீரும்தான் இருந்தன. வேறு யாரும் நிற்கவில்லை.

பெட்டி தரையைத் தொட்டது. மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"விடுங்க பெரியவரே" என்றான் குழிக்காரன். "இந்தப் பக்கமா உருவி எடுக்கணும்."

பெரியவன் நின்றான்.

"பாரம் எதுவும் இல்லையே. விடுங்க."

போதகர் குடையோடு ஒரு அடி முன்னால் வந்தார். தம்பி பெண்டாட்டி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

கயிறு தொய்ந்து குழிக்குள் கிடந்தது. பெரியவன் அதன் நுனியை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.