வாசலில் வெயில்பூ

பக்கத்து வீட்டுக் கிராஷி முக்காலியில் ஏறி நின்று வாசல் கதவில் ஒரு பூவை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கணவர் எர்ரமுனைப் புதைத்துவிட்டுத் திரும்பிய கத்தாலின் முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

அந்த மலையூர்களில் சாவு விழுந்த வீட்டை முதல் பக்கத்து வீடுதான் எடுத்து நடத்தும். யாரும் யாரையும் கேட்பதில்லை. கோயில் மணி அடிக்கச் சொன்னது, தேனீக் கூட்டைத் தட்டி “எஜமான் போயிட்டார்” என்று சொன்னது, சூப் வைத்தது, எல்லாம் கிராஷிதான்.

“எர்ரமுன் அண்ணன் பையில இருந்துச்சுக்கா. இனிமே தனியா இருக்கப்போறீங்க, கதவு மொட்டையா இருக்கலாமா?”

முள் இலைகள் சுற்றிலும் விரிந்த வெயில்பூ. இருட்டில் எது வந்தாலும், செத்தவர் ஆவியே ஆனாலும், அதைச் சூரியன் என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடும். “அப்புறம் உங்கம்மா மட்டும் எப்படி உள்ள வந்தாங்க?” என்று நாற்பது வருஷமாகக் கேட்டுச் சிரித்தவர் எர்ரமுன். பழைய பூ பனிக்காலத்திலேயே உதிர்ந்துபோயிற்று. புதிது பறிக்கச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்று தட்டிக்கழித்தார்.

முந்தாநாள் காலை சேற்றுக் காலோடு அடுப்படிக்கு வந்தவரைக் கத்தாலின் துடைப்பத்தோடு மறித்தாள்.

“பூவோட வந்தா உள்ள வாங்க. இல்லாட்டி வராதீங்க!”

“உத்தரவு மகாராணி!”

தொப்பியைச் சரித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். சரிவில் குப்புறக் கிடந்தவரை மதியம்தான் தூக்கி வந்தார்கள். மாரடைப்பாம். பாழாய்ப்போன இந்த வாயை என்ன செய்வது?

“தரையெல்லாம் ஒரே சேறு. துடைச்சிட்டுப் போறேன்கா.”

“வேணாம்டி. மழை வருதுன்னு பூ மூடிக்கிது பாரு. அதுக்கு முன்னால வீடு போய்ச் சேரு.”

அவள் போனதும் வீடு ஹோவென்று ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கத்தாலின் முக்காலியில் ஏறினாள். கிராஷி நல்ல மனசோடுதான் அடித்திருந்தாள், ஆணி அசையவில்லை. குறடு எங்கே இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். விரலாலேயே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். முள் குத்தி ரத்தம் வந்தது.

பூவை அவர் நாற்காலியில் வைத்தாள். கதவை அகலத் திறந்தாள்.

“அதான் கொண்டு வந்துட்டீங்களே,” என்றாள், மேட்டைப் பார்த்து. “வாங்க.”

மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்து, தரைச் சேறு கரைந்து பரவியது. துடைப்பம் மூலையிலேயே இருந்தது.