நாலாவது பெட்டிக்குப் போகும் வழி

"பூ வாசனை வந்தா இடது பக்கம் திரும்புங்கறா இவ," என்றது ஹெட்ஃபோனில் அம்மாவின் குரல். "காத்து எந்தப் பக்கம் அடிக்கறதோ அந்தப் பக்கம்தானே வாசனை வரும்? நான் பூக்காரியைத் தாண்டி வந்தாச்சு, வாசனை இப்பத்தான் முதுகுப் பக்கமா வர்றது. திரும்பறதா, வேண்டாமா? சரி, திரும்பித் தொலைக்கறேன்."

வர்ஷினி சிரித்துக்கொண்டே மடிக்கணினித் திரையின் ஓரத்தில் 'வாசனை வேண்டாம்' என்று தட்டினாள். திருவல்லிக்கேணியில் ரூஹியின் அப்பா வைத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியறை அது. வர்ஷினியும் ரூஹியும் மூன்று மாதமாக அங்கே உட்கார்ந்து ஒரு விளையாட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். உலகம் முழுக்க ஆட்கள் சின்னப் பெட்டிகளை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, இடத்தின் குறிப்பை இணையத்தில் போட்டு மற்றவர்களைத் தேடவைக்கிறார்கள். ஜியோகேச் என்று அதற்குப் பெயர். இவர்கள் செய்தது அதையே மயிலாப்பூருக்குள், வரைபடம் இல்லாமல், குரலை மட்டும் வைத்து. விளையாட வருபவர் காதில் வர்ஷினி பேசுவாள். மணிச்சத்தம் பின்னால் போகும்வரை நட, காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வலக்காதில் கேட்டதும் நில், என்பாள். நின்ற இடத்தில் தேடினால் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக்கூடு கிடைக்கும். அதைத் திறந்ததும் போனில் அடுத்த ஒலிப்பதிவு திறந்துகொள்ளும். மொத்தம் ஐந்து கூடுகள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்த பலர் மயிலாப்பூரைக் கோயிலோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

அதற்கு முன்னால் யாராவது ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டியிருந்தது. அம்மாவை அனுப்பலாம் என்று சொன்னது ரூஹிதான். "ஆன்ட்டியால போக முடிஞ்சா எல்லாராலயும் முடியும்." எங்கே குழம்புகிறாள் என்று தெரியவேண்டும் என்பதற்காக ஒரு சின்ன ரெக்கார்டரையும் புடவைத் தலைப்பில் குத்திவிட்டிருந்தார்கள். மனசில் தோன்றுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே நடக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அம்மா ஜெயலக்ஷ்மி எதற்கும் அவ்வளவு சுலபத்தில் சம்மதிப்பவள் இல்லை. இதற்கு உடனே சரி என்றாள். அன்று காலையில் அவள் நடந்து முடித்துத் திருப்பிக் கொடுத்த பதிவைத்தான் வர்ஷினி இப்போது கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்கக் கேட்க வர்ஷினிக்கு விசித்திரமாக இருந்தது. அம்மா பேசிக்கொண்டே போனாள். இளநீர்க்காரரின் மீசையைப் பற்றி, வடக்கு மாட வீதியில் கடைகளுக்கு வைக்கும் பெயர்களைப் பற்றி, "ஆத்துல ஒரு நாள் இப்படி நிதானமாப் பேசினதில்லை, இதுல என்ன ரேடியோ மாதிரி குழையறா" என்று வர்ஷினியின் குரலைப் பற்றி. குறும்பும் கூர்மையுமான பேச்சு. ஒரு வாக்கியம் தொடங்கி, கிளைவிட்டு, எங்கெங்கோ சுற்றிப் பிசகாமல் வந்து முடிந்தது. இந்த அம்மாவை இதற்கு முன் சந்தித்திருக்கிறோமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ரூஹிக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கூட்டை அம்மா சித்திரக்குளத்துக் கம்பிவேலி ஓரம் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. நாலாவது குறிப்பு ஓடி முடியும் நேரத்தில், காதிலிருந்து இயர்போனைக் கழற்றும் கரகரப்பு கேட்டது. செருப்புச் சத்தம் மட்டும், முன்னைவிட வேகமாக. யோசித்து யோசித்து வைக்கிற அடி இல்லை, பழகின வழியில் போகிற அடி. ஒரு மாவு மில் நெருங்கி வந்து விலகியது. பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொன்னார்கள். இரும்புக் கதவு ஒன்று தரையில் உரசித் திறந்தது.

"வாங்கம்மா," என்றது ஒரு பெண்குரல். "பெயிண்ட் வாசனை போயிடுச்சு பாருங்க. சாவி இந்தாங்க. சாரு எப்ப வந்து பாக்கறாரு?"

"அவர் வரலை."

"ஞாயித்துக்கெழம கூட்டினு வாங்களேன்."

"இல்லை அன்புச்செல்வி. அவர் வரவே போறதில்லை. ஒண்ணாந்தேதிலேர்ந்து நான் மட்டும்தான் இங்க இருக்கப்போறேன். முதல்லயே சொல்லியிருக்கணும். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

வாளி ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கின்னாம்மா," என்றது அந்தக் குரல், இந்தமுறை தாழ்ந்து. "வூட்டுல பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்ல ஆரம்பிப்பேன். அதுக்குள்ள அவளுக்கு போன் வந்துடும்."

வர்ஷினி ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. கழற்றவேண்டும் என்பது தோன்றவில்லை. அம்மா படியேறுவதும், ஒரு பூட்டு திறப்பதும், வெற்று அறையில் அம்மாவின் இருமல் எதிரொலிப்பதும் காதுக்குள் நடந்துகொண்டே இருந்தன. முதலில், அம்மாவுக்கு ஏதோ நோய், அதைத்தான் மறைக்கிறாள் என்று நினைத்தாள். அப்படியிருந்தால் பரவாயில்லை என்றுகூட ஒரு நொடி நினைத்து, அந்த நினைப்பைக் கண்டு பயந்தாள். அப்பா குடிக்கிறவர் இல்லை, கை ஓங்கினவர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு முல்லைப்பூ வாங்கி வருகிறவர்.

"இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சு?" என்று எதிரிலிருந்து ரூஹி கேட்டாள்.

வர்ஷினி பதிவை மூன்றாவது கூடு வரைக்கும் பின்னால் ஓட்டினாள். ஹெட்ஃபோனை எடுத்து அவளிடம் நீட்டினாள். ரூஹி கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். வேலையாகக் கேட்கும்போதும் அவள் அப்படித்தான் மூடிக்கொள்வாள். கேட்டு முடித்தும் உடனே திறக்கவில்லை.

"ரெக்கார்டர் ஓடிக்கினு இருந்தது ஆன்ட்டிக்குத் தெரியாதா?"

"தெரியலை."

"செவப்பு லைட்டு எரியும்டி. தலைப்புல குத்தியிருந்தா குனிஞ்சாலே தெரியும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தபோது வர்ஷினி அப்பாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். அப்பா சுப்பராமன் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் கிடையாது. "இன்னிக்கு சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு கொக்கு," என்று அம்மா ஆரம்பித்தாள். "சித்திரக்குளமா? அங்க ரோட்டை வெட்டிப் போட்டிருக்கான், பேப்பர்ல வந்திருக்கே," என்றார் அப்பா. வெட்டினவர்களின் திறமையின்மையிலிருந்து மழைநீர் வடிகாலுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். "குழம்புல உப்பு," என்று அம்மா பிறகு ஒருதரம் தொடங்கினாள். "சரியாத்தான் இருக்கு," என்றார் அவர், அன்பாகத்தான். எப்போதும் நடப்பதுதான் இது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது. ஆனால் அன்று வர்ஷினியின் காதில் ஒவ்வொரு குறுக்கீடும் ஒரு நாடாவைக் கத்தரியால் நறுக்குவது போல விழுந்தது. கொக்கு என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

அடுக்களையில் அம்மா தனியாக இருந்தபோது போய் நின்றாள். "நாலாவது பெட்டியை நீ ஏன் எடுக்கலை?"

"வழி தப்பிடுத்துடி," என்றாள் ஜெயலக்ஷ்மி. மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த கை ஒரே சீராகப் போய்வந்தது.

மறுநாள் காலையில் அம்மா கோயிலுக்கு என்று கிளம்பிப் போனாள். கொஞ்ச நேரம் பொறுத்து வர்ஷினி சித்திரக்குளத்துக்குப் போனாள். கம்பிவேலி ஓரம் நின்று, இயர்போனை மாட்டி, அம்மாவின் பதிவை அந்த இடத்திலிருந்து ஓடவிட்டாள். அவளிடம் விலாசம் இல்லை. இருந்ததெல்லாம் இந்தச் சத்தங்கள்தான். ஒலியை வைத்து ஊருக்கே வழி சொல்ல மூன்று மாதம் உழைத்தவளுக்கு முதல் திருப்பத்திலேயே தடுமாறியது. தலைப்பில் குத்தின ஒற்றை ரெக்கார்டருக்கு இடமும் வலமும் தெரியாது. மில் சத்தம் வருகிறது, எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல ஆளில்லை. ஒரு சந்துக்குள் போய் முட்டிக்கொண்டு திரும்பினாள். இன்னொன்றில் மில் இருந்தது, ஆனால் அம்மாவின் பதிவில் அது கேட்கவேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டது. தான் வேகமாக நடக்கிறோம் என்று அப்போது புரிந்தது. குளத்துக்கே திரும்பி வந்து, அம்மாவின் செருப்புச் சத்தத்தோடு தன் காலடியைப் பொருத்தி மறுபடி நடந்தாள். அம்மா வலது காலைக் கொஞ்சம் தாமதித்து வைக்கிறாள். அதுவும் வர்ஷினிக்குத் தெரியாத சேதி.

மந்தைவெளிப் பக்கம் போகும் ஒரு குறுகலான தெருவில், காதுக்குள் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னபோது, சுவருக்கு அந்தப் பக்கம் நிஜப் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்த பச்சை இரும்புக்கதவைத் தள்ளினாள். அது தரையில் உரசியது. அதே உரசல். அந்தக் கணம்வரை இதெல்லாம் எங்கோ தவறாகக் கேட்டதாக இருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் திரும்பிப் பார்த்தாள். "யாரும்மா?" என்று பதிவில் கேட்ட அதே குரலில் கேட்டவள், முகத்தைப் பார்த்து, பதிலுக்குக் காத்திராமல் மாடிப்படியைக் கையால் காட்டினாள்.

ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சின்னச் சமையல் மேடை. புதுசாக ஒரு பாய், ஒரு வாளி, ஒற்றை அடுப்பு. அம்மா புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு தெருப்பக்கத்து ஜன்னலோடு போராடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் திகைப்பு இல்லை.

"வந்துட்டியா," என்றாள். "பெயிண்ட் அடிக்கறேன்னு ஜன்னலையும் சேர்த்து ஒட்டிட்டான். திறக்கவே மாட்டேங்கறது."

"ரெக்கார்டர் ஓடிண்டிருந்தது உனக்குத் தெரியுமா?"

"நீதானே சொன்ன, மனசுல தோணறதெல்லாம் உரக்கச் சொல்லிண்டே போன்னு."

வர்ஷினி பாயில் உட்கார்ந்தாள். "அப்பா உன்னை என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணலை. நல்லவர்தான். யாரு கேட்டாலும் நானே சொல்லுவேன். சண்டையும் இல்லை. நான் வந்து போயிண்டுதான் இருப்பேன், அவருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க, உனக்கு..." அம்மா துடைக்கும் துணியைப் பிழிந்தாள். "ஒரு நாள் காலம்பற பல் தேய்ச்சிண்டிருந்தேன். கண்ணாடில பார்த்து என்னமோ சொல்லிக்கணும்னு வாயைத் திறந்தேன். பாதியில நிறுத்திட்டேன். ஆத்துல யாருமில்லை அப்ப. நானே என்னை நிறுத்திட்டேன். அப்புறம் அன்னிக்கு..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

'அதுக்காக ஆத்தை விட்டா போவா' என்பது வர்ஷினியின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே பிடித்துவைத்தாள். அம்மா காத்திருந்தாள். அவள் காத்திருப்பது தெரிந்தது. யாராவது குறுக்கே வரவேண்டிய இடம் அது, வந்தால் விட்டுக்கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தயாராக அவள் கண் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் போயிருந்தது. ஒருவரும் வரவில்லை. ஜெயலக்ஷ்மி மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேற்கொண்டு என்ன சொல்ல இருந்தோம் என்பதே மறந்துபோன மாதிரி மூடிக்கொண்டாள். முந்தின நாள் பதிவில் கேட்டதெல்லாம்கூட வர்ஷினியை இவ்வளவு அதிரவைக்கவில்லை.

"உன்னோட நாலாவது குறிப்பு தப்பு," என்றாள் அம்மா கடைசியில். "நாகஸ்வரம் கேட்டா நில்லுன்னு சொல்லியிருக்க. வாசிக்கறவர் சாயங்காலம்தான் வருவார். உன் ஜனங்கள் ஞாயித்துக்கிழமை காலம்பற நின்னுண்டே இருப்பா."

"மாத்திடறேன்."

வர்ஷினியின் போன் அடித்தது. அப்பா. அம்மாவிடம் திரையைக் காட்டினாள். அம்மா எடுக்காதே என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உள்ளங்கையால் சட்டத்தைத் தள்ளத் தொடங்கினாள். வர்ஷினி எடுத்தாள்.

"அம்மா எங்கடி? போனை எடுக்கவே மாட்டேங்கறா. கோயிலுக்குப் போனவ இன்னும் வரலை. காப்பிப் பொடி எங்க வச்சிருக்கான்னு..."

"என்கூடத்தான் இருக்காப்பா."

"உன்கூடவா? எங்க இருக்கேள் ரெண்டு பேரும்?"

அம்மாவின் முதுகு தெரிந்தது. ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஜன்னல் சட்டம் கொஞ்சம் அசைந்து மறுபடி இறுகிக்கொண்டது. வர்ஷினி எழுந்து போய், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். பெயிண்ட் பிளந்து, கதவிரண்டும் படாரென்று வெளிச்சுவரில் போய் அறைந்தன. பழக்கார வண்டியின் ஒலிபெருக்கியும், ஆட்டோ ஹார்னும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் இரைச்சலும் ஒரே சமயத்தில் அறைக்குள் புகுந்தன. அம்மாவின் நரைத்த முன்மயிரில் பச்சைப் பெயிண்ட் செதில்கள் உதிர்ந்து கிடந்தன.

"என்ன சத்தம்டி அது?" என்று அப்பா கேட்டார்.