நேர் விமானத்து மாப்பிள்ளை

அருமனைப் பக்கம் மாப்பிள்ளையின் தகுதியை இப்போது விமானம்தான் தீர்மானிக்கிறது. நான்கு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம் என்றால் துபாய்க்காரன். பாவம், அவனால் முடிந்தது அவ்வளவுதான். பத்து மணி நேரம் தாண்டினால் மரியாதை. நடுவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டியிருந்தால், மாமனாருக்குச் சபையில் முன் பெஞ்சு.

ரப்பர் தோட்டக்காரர் தங்கையனின் ஒரே மகள் பிரீனாவுக்கு இரண்டு சம்பந்தங்கள் இருந்தன. அவளே விரும்பிய சிஜின் துபாயில். தரகர் கொண்டுவந்த எபின் டொராண்டோவில்.

"துபாய்லாம் ஒரு வெளிநாடாட்டி? திருவனந்தபுரத்தில ஏறி ஒரு ஒறக்கம் போட்டா எறங்கணும். மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்ல. டொராண்டோ பதிமூவாயிரத்துக்கு மேல."

"அந்த ஆளு அங்க என்ன வேல பாக்காரு அப்பா?"

"அது கேக்கல்ல."

இவ்வளவு தூரம் போனவனிடம் வேலையையும் விசாரிப்பது மரியாதைக் குறைவு என்பது தங்கையனின் எண்ணம். வருகிற ஞாயிறே சபையில் எபின் பெயரில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கப் போதகரிடம் சொல்லப் போவதாக அறிவித்தார். பிரீனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் அசையவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஏசுவடியான் இறந்துபோனார். அவருடைய மகனும் டொராண்டோதான். உடலை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். "கனடாவிலயிருந்து வரணும்லா" என்று துக்க வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளியன்று, மகன் நடுவழியில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டதாகத் தகவல் வந்தது. பெருமை இன்னும் ஒரு நாள் நீண்டது.

சனிக்கிழமை தங்கையன் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிப்பவர்; மின்விசிறி சுற்றினால் தலையில் மப்ளர் கட்டுகிறவர்.

வீட்டுக்கு வந்ததும் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மனைவி நேசபாயிடம் கேட்டார்.

"அந்தப் பெட்டியில குளிரக் கொறச்சு வைக்க வழி உண்டா?"

"உண்டு. பின்ன ஒருத்தரும் கிட்ட வரமாட்டாவ."

தங்கையன் மகள் பக்கம் திரும்பினார்.

"நமக்கு ஒண்ணுன்னா நீ வந்தாத்தான் எடுப்பாவ, இல்லியா மக்கா?"

"ஆமா அப்பா. டொராண்டோன்னா ரெண்டு மூணு நாள் நீங்க பொறுத்துக்கிடணும்."

"துபாய்னா?"

"காலையில சொன்னா ராத்திரிக்குள்ள வந்திருவேன். பெட்டியே வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஓலையில் சிஜின் பெயரும் பிரீனா பெயரும் வாசிக்கப்பட்டன. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஷாஜன் பிடித்துக்கொண்டான். அவன் தங்கை மாப்பிள்ளை சிகாகோ.

"என்ன மாமா, கடைசியில துபாய்தானா?"

தங்கையன் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"நேர் விமானம்லா மக்கா. கண்ட ஊர்ல எறங்கி மாறி ஏறி வாறதெல்லாம் நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது."